54 சதவீதம் போதுமா?

டென்னிஸில் யார் கோட் என்ற சண்டை நம்ம ஹாஸ்டலில் எப்பவும் ஒரே மாதிரிதான் போகும். ஜோகோவிச் 24 கிராண்ட்ஸ்லாம், நடால் 22, ஃபெடரர் 20. பெண்கள் பக்கம் மார்கரெட் கோர்ட் 24, செரீனா 23, ஸ்டெஃபி கிராஃப் 22. இந்த நம்பரெல்லாம் உங்களுக்கே மனப்பாடமா தெரியும். நான் எழுத வந்தது வேறொரு நம்பரைப் பற்றி: 54.

2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில் ஃபெடரர் பேசினார். அவர் ஆடியது 1,526 ஒற்றையர் ஆட்டங்கள். அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி. ஆனா அந்த ஆட்டங்களில் ஆடிய பாயிண்ட்களில் அவர் ஜெயிச்சது வெறும் 54 சதவீதம்னு அவரே சொன்னார். அதாவது, இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏறக்குறைய இரண்டு பாயிண்ட்டுக்கு ஒன்றைத் தோற்றுக்கிட்டே இருந்திருக்கார்! தோல்வியை மறந்துட்டு அடுத்த பாயிண்ட்டுக்குப் போங்க என்பதற்காக அவர் அதைச் சொன்னார். எனக்கு வந்த கேள்வி வேற: 54 எப்படி 80 ஆகுது?

விடை ஸ்கோர் போடும் முறையில் இருக்கு. ஃபுட்பாலில் கோல்களை நேராக் கூட்டினா போதும். டென்னிஸில் அப்படி இல்லை. நாலு பாயிண்ட் எடுத்து, இரண்டு முன்னிலை இருந்தா ஒரு கேம். ஆறு கேம் எடுத்தா ஒரு செட், அதுக்கும் இரண்டு முன்னிலை வேணும், 6-6 ஆனா டை-பிரேக். கிராண்ட்ஸ்லாமில் ஆண்கள் மூன்று செட் எடுக்கணும், பெண்கள் இரண்டு. இசிஇ நண்பர்களுக்கு ஒரே வரியில் சொல்லணும்னா, இது மல்டி-ஸ்டேஜ் ஆம்ப்ளிஃபையர். உள்ளே போகும் சின்ன வித்தியாசம் ஒவ்வொரு ஸ்டேஜிலும் பெரிசாகி வெளியே வருது.

எவ்வளவு பெரிசாகும்? ப்ராபபிலிட்டியில் அரியர் வெச்சவங்க பயப்பட வேண்டாம், கணக்கை நானே பைத்தானில் போட்டுட்டேன். ஒவ்வொரு பாயிண்ட்டிலும் உங்களுக்கு 54 சதவீத வாய்ப்புன்னு வெச்சுக்குங்க. ஒரு கேமை ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் ஆகுது. செட் சுமார் 76. மூன்று செட் ஆட்டம் 86, ஐந்து செட் ஆட்டம் 91. பாயிண்ட்டில் இன்னும் ஒரே ஒரு சதவீதம் கூட்டி 55 ஆக்கினா, ஐந்து செட் ஆட்டத்தில் 95. ரோலண்ட் காரோஸ் களிமண்ணில் நடால் மொத்தம் 112 ஆட்டம் ஜெயிச்சு நாலே நாலு தோற்றார், 14 பட்டம் வாங்கினார். கேட்க மாயாஜாலம் மாதிரி இருக்கு. இந்தக் கணக்குப்படி அதுக்குப் பாயிண்ட்டுகளில் 56 சதவீதம்கூட வேண்டாம்.

இது எளிமையான மாடல்தான். சர்வ் பண்றவருக்கு எப்பவும் சாதகம் அதிகம், அதை நான் கணக்கில் எடுக்கலை. 54 என்பதும் சராசரி. முதல் சுற்றில் வரும் புதுப் பையனிடம் அது கூடும், அரையிறுதியில் நடாலிடம் 50-ஐ ஒட்டி இறங்கும். அதனாலதான் மாடல் 86-க்கு மேல் காட்டும்போது ஃபெடரர் 80-இல் நிற்கிறார்.

ஆம்ப்ளிஃபையர் தலைகீழாவும் வேலை செய்யும். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்த பாயிண்ட் 218, ஜோகோவிச் எடுத்தது 204. ஜெயிச்சது ஜோகோவிச்! 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. ஃபெடரர் இரண்டாவது செட்டை 6-1 என்று சுலபமா எடுத்தார். அந்தக் கூடுதல் பாயிண்ட்டுக்கெல்லாம் கிடைச்சது ஒரே ஒரு செட், அவ்வளவுதான். ஜோகோவிச் எடுத்த மூணு செட்டும் டை-பிரேக்கில் வந்தது. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரர் சர்வ் பண்ணும்போது கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் இருந்துச்சு. இரண்டும் போச்சு. அதில் ஒன்று விழுந்திருந்தா இன்னைக்கு அவர் 21, ஜோகோவிச் 23. நாம வருஷக்கணக்கா சண்டை போடும் எண்ணிக்கை ஒரு பாயிண்ட்டில் இப்படி மாறும்.

இப்போ செரீனா விஷயத்துக்கு வரேன். "பொண்ணுங்க மூணு செட்தானே ஆடுறாங்க, அந்த ரெக்கார்டை எப்படி ஒப்பிட முடியும்?" என்று யாராவது ஒருத்தர் கேட்காம இந்த விவாதம் முடியாது. மேலே இருக்கும் கணக்கை மறுபடி பாருங்க. அதே 54 சதவீதத் திறமைக்கு ஐந்து செட்டில் 91, மூன்று செட்டில் 86. பட்டம் வாங்க வரிசையா ஏழு ஆட்டம் ஜெயிக்கணும். 0.91-ஐ ஏழு தடவை பெருக்கினா 52 சதவீதம் வரும். 0.86-ஐப் பெருக்கினா 35தான். நீளமான ஆட்டம் பலமானவருக்குப் பாதுகாப்பு, முதல் செட்டில் சறுக்கினாலும் எழுந்து வர நேரம் இருக்கும். மூன்று செட்டில் அந்த வசதி குறைவு. உடம்புக்கு ஐந்து செட் கஷ்டம், மறுக்கலை. ஆனா 23 பட்டம் சேர்ப்பது மூன்று செட்டில் சுலபம்னு சொல்றவங்க கணக்கை மாத்திப் போட்டிருக்காங்க. கிராஃப் 1988-இல் நாலு கிராண்ட்ஸ்லாமையும் ஜெயிச்சு, அதே வருஷம் சியோல் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தார். அந்த வருஷ பிரெஞ்சு ஓபன் இறுதி ஸ்கோர் 6-0, 6-0. ஒற்றையரில் ஒரே வருஷத்தில் அந்த ஐந்தையும் எடுத்தவர் ஆண்களிலும் இல்லை. என் ஓட்டு அதுக்குத்தான்.

ஒரே வருஷத்தில் நாலும் என்பது ஏன் இவ்வளவு அபூர்வம்? ஐந்து செட் கணக்கில் ஒரு பட்டத்துக்கு 52 சதவீதம்னா, நாலுக்கும் சேர்த்து 7 சதவீதம்தான். ஆண்களில் அதைச் செய்தவர்கள் இரண்டே பேர்: 1938-இல் டான் பட்ஜ், 1962-லும் 1969-லும் ராட் லேவர். லேவருக்கு நடுவில் இருந்த இடைவெளி அவர் விருப்பம் இல்லை. அவர் தொழில்முறை ஆட்டக்காரரா மாறினதால் 1968 வரைக்கும் கிராண்ட்ஸ்லாம் கதவு அவருக்கு மூடியிருந்தது. அவருடைய 11 பட்டத்தை 24-உடன் நேரா ஒப்பிடுறது சரியே இல்லை.

2015-இல் செரீனா முதல் மூணு பட்டத்தையும் எடுத்துட்டு, யுஎஸ் ஓபன் அரையிறுதியில் ராபர்டா வின்சியிடம் தோற்றார். ஜோகோவிச் 2021-இல் 27 ஆட்டம் ஜெயிச்சு, 28-ஆவதான யுஎஸ் ஓபன் இறுதியில் மெட்வெடெவிடம் நேர் செட்களில் தோற்றார். 2023-லயும் கிராண்ட்ஸ்லாமில் அவருக்கு 27 வெற்றி, ஒரே தோல்வி. அது விம்பிள்டன் இறுதி, அல்கராஸிடம், ஐந்தாவது செட் 6-4.