எஸ்யூவி வண்டிகளில் பெரிய டயர் பொருத்துதல்

எஸ்யூவி வண்டிகளில் பெரிய டயர் பொருத்துதல் என்பது, தொழிற்சாலையிலிருந்து வந்த டயரை எடுத்துவிட்டு, அதைவிட உயரமும் அகலமும் கூடிய டயரைப் போடுவதாகும். இதற்குப் பெரும்பாலும் ஆல்-டெரெயின் வகை டயர்களே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தார்ச்சாலை, மண்பாதை இரண்டிலும் ஓடுவதற்கேற்ற ஆழமான பட்டன்களும் தடித்த பக்கச்சுவரும் கொண்டவை இவை. அளவைக் கணக்கிடாமல் பொருத்தினால் டயர் மட்கார்டிலோ சஸ்பென்ஷன் உறுப்புகளிலோ உரசும். இது வெறும் சத்தத்தோடு நிற்பதில்லை. தொடர்ந்து உரசினால் பக்கச்சுவர் அறுபட்டு, வேகமாக ஓடும்போது டயர் வெடிக்கவும் கூடும்.

வட்டாரத் தேவை

பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி பகுதிகளில் கரிசல் மண் மிகுதி. மழைக்காலத்தில் இம்மண் பட்டன்களின் இடைவெளியில் அப்பிக்கொண்டு பிடிமானத்தைக் குறைக்கும். கண்மாய்க் கரைகளிலும் காட்டுப் பாதைகளிலும் கிடக்கும் சீமைக் கருவேல முள் சாதாரண டயரை எளிதில் குத்திவிடும். மிளகாய்த் தோட்டத்துக்கும் கரிமூட்டத்துக்கும் நாள்தோறும் சென்று வருபவர்களுக்கு ஆல்-டெரெயின் டயரால் பயனுண்டு.

தனுஷ்கோடிக்குச் செல்ல மட்டும் இது தேவையில்லை. முன்பு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் ஓடும் வேன்களில்தான் அங்கே செல்ல முடிந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அக்கடற்கரை கடலாமைகள் முட்டையிடும் இடமாதலால், வண்டியைச் சாலையை விட்டு மணலில் இறக்காமல் இருப்பதே நல்லது.

அளவைக் கணக்கிடும் முறை

டயரின் பக்கத்தில் 245/75 ஆர்16 என்பது போல அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் வகை. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

பக்கச்சுவர் உயரம்: 245 × 0.75 = 183.75 மி.மீ.
மேலும் கீழும் சேர்த்து: 367.5 மி.மீ.
ரிம்: 16 × 25.4 = 406.4 மி.மீ.
டயரின் மொத்த விட்டம்: சுமார் 774 மி.மீ.

2020இல் வந்த மகிந்திரா தார் வண்டி இந்த அளவிலும், 255/65 ஆர்18 என்ற அளவிலும் விற்கப்பட்டது. இரண்டாவதன் விட்டம் சுமார் 789 மி.மீ. ஒரே வண்டிக்குத் தயாரிப்பாளரே தரும் அளவுகளில் பெரியது எதுவோ, அதுவே நம்பிக்கையான முதல் தேர்வு. அதற்குரிய ரிம்மையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாருதி சுசுகி ஜிம்னியின் அளவு 195/80 ஆர்15. விட்டம் 693 மி.மீ. அதில் 215/75 ஆர்15 போட்டால் விட்டம் 703.5 மி.மீ. ஆகும், கூடுதல் 1.5 விழுக்காடு. 235/75 ஆர்15 போட்டால் 733.5 மி.மீ.; கூடுதல் 5.8 விழுக்காடு. விட்டம் 40 மி.மீ. கூடினாலும் தரையிலிருந்து வண்டி உயர்வது அதில் பாதியான 20 மி.மீ. மட்டுமே. ஆனால் டயர் முன்புறமும் பின்புறமும் மேலேயும் 20 மி.மீ. கூடுதல் இடம் கேட்கும். விட்ட வேறுபாடு 3 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்பது தொழிலில் உள்ளோர் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு. ஒரே அளவு பொறித்த டயர்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் வேறுபடும் என்பதால், வாங்குமுன் அளந்து பார்ப்பது நலம்.

உரசும் இடங்கள்

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது முன் டயரின் வெளி விளிம்பு பம்பரின் ஓரத்தையோ மட்கார்டின் உட்புற பிளாஸ்டிக்கையோ தொடும். உள் விளிம்பு சேசிஸையோ சஸ்பென்ஷன் கையையோ தொடும். பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் மேலே ஏறும்போது மட்கார்டின் மேற்பகுதியில் இடிக்கும். பிரேக் ஹோஸ் அருகில் உரசுவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. கரிசல் சேறு மட்கார்டுக்குள் அப்பினால், கோடையில் உரசாத டயரும் ஐப்பசி மழையில் உரசும். ஆகவே ஒரு விரல் இடைவெளி இந்த வட்டாரத்துக்குப் போதாது.

தவிர்க்கும் வழிகள்

ரிம்மின் ஆஃப்செட்: இதை 10 மி.மீ. குறைத்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். உட்புற உரசல் தீரும். வெளிப்புறத்தில் அதே அளவு இடம் குறையும்.

லிஃப்ட் கிட்: வண்டியை உயர்த்தினால் உரசல் அறவே நின்றுவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர்க் கட்டையில் இடிக்கும் நிலையில், டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி பழையபடியே இருக்கும். எனவே அக்கட்டையின் உயரத்தையும் கூட்டினால்தான் லிஃப்ட் பயன் தரும்.

பிளாஸ்டிக்கைச் செதுக்குதல்: சிறிய உரசலுக்கு உட்புற பிளாஸ்டிக்கைச் சூடேற்றி மடக்கலாம் அல்லது வெட்டலாம். இரும்புப் பகுதியை வெட்டினால், உப்புக்காற்று வீசும் இந்தக் கடலோரப் பகுதியில் துரு விரைவில் ஏறும்.

சோதிக்கும் முறை

நான்கு டயரும் வாங்குமுன் ஒரே ஒரு டயரை முன் சக்கரத்தில் மாட்டிப் பார்க்கக் கடையில் கேட்கலாம். சமதரையில் நின்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடிக்க வேண்டும். பிறகு அந்தச் சக்கரத்தை மட்டும் உறுதியான மேட்டில் ஏற்றி, மீண்டும் ஒடித்துப் பார்க்க வேண்டும். டயரின் விளிம்பில் சாக்பீஸ் தடவியிருந்தால் தொட்ட இடத்தில் வெள்ளைக் கோடு விழும். ஆட்கள் நிறைய உட்கார்ந்த நிலையிலும், பின்னோக்கி ஓட்டியும் இதைச் செய்ய வேண்டும். வண்டி அசையும்போது யாரும் அடியில் தலையை நீட்டக் கூடாது.

பிற விளைவுகள்

விட்டம் 5.8 விழுக்காடு கூடினால், முள் முன்பு போலவே 100 கி.மீ. காட்டும்போது வண்டி அதைவிட 5.8 விழுக்காடு வேகமாக ஓடும். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும். கனமான டயரால் எரிபொருள் செலவு கூடும். பிரேக் பிடித்து நிறுத்தவும் கூடுதல் தூரம் ஆகும். மதுரை – இராமேசுவரம் சாலையில் ஆடு மாடு குறுக்கே வரும்போது இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்துக்குப் பின் காப்பீடு கோரும்போதும் இத்தகைய மாற்றங்கள் சிக்கலாகலாம். கையேட்டில் உள்ள அளவிலேயே ஆல்-டெரெயின் டயர் வாங்கினால், முள்ளுக்கும் சேற்றுக்கும் வேண்டிய பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இடவசதியிலும் சட்டத்திலும் சிக்கல் குறையும்.