ஊசி குத்தினால் வலி ஏன் குறைகிறது?

யாங்கோனில் லத்தா பகுதிச் சீனர் பேட்டைக்குப் பழக்கமான சீன மருத்துவம், உடலில் ‘சீ’ எனும் உயிராற்றல் ஓடும் தடங்களில் ஊசி குத்தினால் நோய் தணியும் என்கிறது. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, நாள்பட்ட முதுகுவலி உள்ள 1,162 பேரிடம் இதைச் சோதித்தது. முறைப்படி குத்தியபோது 47.6 சதவீதத்தினர் தேறினர். தடமல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியபோதும் 44.2 சதவீதத்தினர் தேறினர். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதமே. ஆக, நிவாரணம் உண்மை. அதற்குத் தடம் காரணமில்லை. ஊசியால் நரம்பு தூண்டப்படும்போது சுரக்கும், வலியடக்கும் எண்டார்பின்களும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும், சிகிச்சையாளரின் கவனிப்புமே பெரும்பாலும் வேலை செய்கின்றன.

‘மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் மருந்தைத் தந்ததும் சீன மருத்துவம்தானே?’ எனலாம். உண்மைதான், மியன்மாரிலும் பால்சிபாரம் மலேரியாவுக்கு அது சேர்ந்த கூட்டு மருந்துகளே முதல் சிகிச்சை. ஆனால் அதைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி தூ யூயூ, பழஞ்சுவடியின் மூலிகைக் குறிப்பை அப்படியே நம்பிவிடவில்லை. வெப்பம் குறைத்து ஈத்தரால் சாறெடுத்தார், விலங்குகளிடம் சோதித்தார். 1972இல் அவர் குழு மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பெருமை சோதனையில் தேறிய மூலிகைக்கு உரியது, சோதனையில் தோற்ற தடக் கொள்கைக்கு அல்ல. முதுகுவலிக்கு ஊசியை நாடலாம். மலேரியாக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்துமே வழி.