தராசில் ஏறாத சரக்கு

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் எதையும் நிறுத்துவிடுவார்கள். பருத்தி, கம்பு, உளுந்து, கடலை மிட்டாய்... தராசில் ஏறினால் சோலி முடிந்தது. ஆனால் தெற்கே திருநெல்வேலி, வள்ளியூர் தாண்டிக் கடலோரம் போனால், கூடங்குளத்தில் எந்தத் தராசிலும் ஏறாத சரக்கு ஒன்று இருக்கிறது. புளூட்டோனியம்!

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இது முழுக்க முழுக்க ஸ்டாக் கணக்கு சார்.

அங்கே ஓர் உலைக்குள் 163 யுரேனியக் கட்டுகள். சில வருஷம் எரிந்து வெளியே வரும்போது, உள்ளே நூற்றுக்கு ஒரு பங்கு போலப் புளூட்டோனியம் உண்டாகியிருக்கும். கட்டுக்கு நாலைந்து கிலோ. பிரித்தெடுத்த புளூட்டோனியம் 8 கிலோ இருந்தால் ஒரு குண்டுக்கு ஆகும் என்பது வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. அதாவது, இரண்டே கட்டு!

1974-ல் பொக்ரானில் வெடித்தது கனடா உதவியில் டிராம்பேயில் கட்டிய சைரஸ் உலையில் விளைந்த சரக்குதான். அதன் பிறகு உலகம் கறாராகிவிட்டது. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்ட கூடங்குளம் உலைகளை வியன்னாக்காரர்கள் வந்து சோதிக்கலாம். கல்பாக்கம் உலைகளுக்குள் வர முடியாது. அது நம்ம சொந்தச் சமையல்.

"கட்டைப் பிரிச்சு நிறுத்துப் பாத்தா என்ன தம்பி?" என்றார் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர்.

பிரிப்பதா! உலையிலிருந்து வந்த கட்டின் பக்கத்தில் மறைப்பில்லாமல் சில நிமிஷம் நின்றாலே ஆள் காலி. அதனால் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்திருப்பார்கள். அங்கே அது நீலமாக ஒளிரும். போலிக் கட்டு அப்படி ஒளிராது. மேலிருந்து விசேஷக் காமிராவில் பார்ப்பது முதல் சோதனை. அடுத்தது, கவட்டை மாதிரி ஒரு கருவி. இரண்டு கைகளுக்கு நடுவே கட்டை நிறுத்தி, வெளிவரும் நியூட்ரானையும் காமா கதிரையும் அளப்பார்கள்.

வேடிக்கை இங்கேதான். அந்த நியூட்ரான்களில் பெரும்பகுதி புளூட்டோனியத்துடையது இல்லை. கூடவே பிறந்த கியூரியம்-244 போடுகிற சத்தம். தம்பியின் கூச்சலை வைத்து, வாயே திறக்காத அண்ணன் எத்தனை கிலோ என்று கம்ப்யூட்டரில் போடும் கணக்கு! எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

அதனால்தான் காமிரா, சீல் எல்லாம். உலோக சீலின் உள்பக்கக் கீறலை முன்கூட்டியே படமெடுத்து வைத்து, கழற்றியதும் வியன்னாவில் ஒப்பிடுகிறார்கள். "அந்தக் காலத்துல தீப்பெட்டியில வரி லேபிள் ஒட்டுனமே, அது மாதிரியா?" என்றார் அண்ணாச்சி. கிட்டத்தட்ட அதேதான்.

கட்டை வெட்டி ஆசிட்டில் கரைத்த பிறகுதான் மாதிரி எடுத்து ஓரளவு துல்லியமாக அளக்க முடியும். அங்கேயும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் உண்டு. இங்கிலாந்தில் செல்லாஃபீல்டின் தோர்ப் ஆலையில் ஒரு குழாய் உடைந்து மாதக்கணக்கில் ஒழுகியது. 2005 ஏப்ரலில் கண்டுபிடித்தபோது, தரையில் கிடந்த திரவத்தில் சுமார் 160 கிலோ புளூட்டோனியம். இருபது குண்டுக்கான சரக்கு! நல்லவேளை, கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை.

கூடங்குளம் கட்டுகளை இன்னும் யாரும் கரைக்கவில்லை. தண்ணீருக்குள்தான் இருக்கின்றன, எண்ணிக்கையோடு.