சிவந்த கண்ணைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்

"கண் சிவந்திருக்கிறது, என்ன சொட்டு மருந்து வாங்கலாம்?" காலை நிகழ்ச்சிக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்வி இது. நான் மருத்துவர் அல்ல. மருந்துப் பெயர் சொல்வதில்லை. பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். கண்ணுக்குள் வலிக்கிறதா? வெளிச்சம் கூசுகிறதா? பார்வை மங்குகிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

காரணம், அது 'யுவியைட்டிஸ்' எனப்படும் உட்கண் அழற்சியாக இருக்கலாம்.

நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் 'சைட்டோகைன்' என்ற மூலக்கூறுகளை அனுப்பித்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கண் மென்மையான உறுப்பு என்பதால் அங்கே அந்தப் பேச்சு அடக்கியே வைக்கப்படுகிறது. அந்தக் கட்டுப்பாடு குலைந்தால் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் பெருகும். இரத்தக் குழாய்ச் சுவர்கள் கசியும். வெள்ளை அணுக்களும் புரதமும் தெளிந்த கண்நீர்மத்தில் கலக்கும். சினிமாத் திரையரங்கின் ஒளிக்கற்றையில் தூசு மிதப்பதுபோல, மருத்துவரின் கருவி வெளிச்சத்தில் அந்த அணுக்கள் தெரியும்.

என் சித்தப்பா மகனுக்கு வயது இருபத்தெட்டு. காலையில் முதுகு விறைத்துக்கொள்ளும். அலுவலக நாற்காலிமேல் பழி போடுவான். ஒருநாள் ஒரு கண் மட்டும் சிவந்து வலித்தது. பரிசோதித்த கண் மருத்துவர் கேட்டது, "தம்பி, முதுகு வலி உண்டா?" இரத்தப் பரிசோதனையில் எச்எல்ஏ-பி27 மரபணு வகை தெரிந்தது. முதுகெலும்பு மூட்டழற்சிக்கும் இவ்வகைக் கண் அழற்சிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கண்ணில் தொடங்கிய சிகிச்சை முதுகையும் சேர்த்துக் காப்பாற்றியது.

பொதுவாக ஸ்டெராய்டு சொட்டு மருந்தும், கண்மணி ஒட்டிக்கொள்ளாமல் விரிக்கும் சொட்டு மருந்தும் தருவார்கள். சிவப்பு மறைந்ததும் நாமாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் தொடரவும் கூடாது. கண் அழுத்தம் கூடலாம், புரை வளரலாம்.

கண்ணின் பின்பகுதியைத் தாக்கும் வகைக்கு, டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசியை அமெரிக்கா 2016-இல் அங்கீகரித்தது. அதைத் தொடங்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். ஊசி அதைத் தட்டி எழுப்பிவிடக்கூடும்.

வீட்டில் யாருக்காவது ஒரு கண் மட்டும் அடிக்கடி சிவந்தால், பழைய சொட்டு மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். மூட்டுவலி, முதுகுவலி, பழைய காசநோய் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நோயின் வேர் கண்ணுக்கு வெளியேயும் இருக்கலாம்.