போசரியிலிருந்து வேளாஸ் வரை: ஆமைகள் கரையேறும் கடற்கரைக்கு ஒரு கல்விப் பயணம்

போசரியில் விழும் மழைத்துளி அரபிக் கடலைக் காண்பதில்லை. ஊருக்கு வடக்கே இந்திராயணியும் தெற்கே பவனாவும் ஓடுகின்றன. இரண்டின் நீரும் முடிவில் பீமா நதியை அடைந்து, பீமா கிருஷ்ணையிற் கலந்து, தக்காண பீடபூமியைக் குறுக்கே கடந்து, ஆந்திரக் கடற்கரையில் வங்காள விரிகுடாவிற் சேருகின்றது. மேற்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலேயே ஒரு கடல் இருக்க, இந்நீர் அதற்கு முதுகு காட்டிச் செல்வதன் காரணம் சஹ்யாத்திரி மலையே. மலையின் முகடு கடலை ஒட்டி நிற்கிறது. பீடபூமி அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சாய்கிறது. போசரித் தொழிற்பேட்டையைச் சூழ்ந்துள்ள பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு இப்பூகோளப் பாடத்தை வரைபடத்தில் காட்டுவதினும், மலையைக் கடந்து கடலை அடைந்து காட்டுவது மேல். அவ்வாறு செல்வதற்குத் தகுந்த இடம் ஒன்றையும், அங்கே நடக்க வேண்டிய முறையையும் இங்கு விவரிப்போம்.

அவ்விடம் ரத்னகிரி மாவட்டத்தின் வடகோடியில், சாவித்திரி ஆற்றின் கழிமுகத்துக்குத் தெற்கே உள்ள வேளாஸ் என்னும் சிற்றூர். மராட்டிய அமைச்சர் நானா பட்னவீஸின் முன்னோர் ஊர் என்று சரித்திரத்தில் பெயர் பெற்றது. இன்று அதன் புகழ் ஆமைகளால் வந்தது. பங்குனி ஆமை என்று தமிழ்நாட்டு மீனவர் வழங்கும் கடலாமை அவ்வூரின் மணற்கரையில் முட்டையிடுகின்றது. முன்னர் அம்முட்டைகளை மனிதரும் நரியும் நாயும் தோண்டி எடுத்துவந்தனர். 2002இல் சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்திரி நிசர்க மித்ரா என்னும் சங்கத்தார் ஊராருடன் கூடிக் காவற்பணியைத் தொடங்கினர். சரணாலய எல்லைக் கற்களை இங்கே தேட வேண்டாம், காப்பவர் ஊராரே. பருவத்தில் வெளியூரார் வந்து கிராமத்து வீடுகளிற் தங்கி, உண்டு, அதற்குப் பணம் தருகின்றனர். முட்டையை விற்பதைவிட முட்டையைக் காப்பது ஊருக்கு ஆதாயமாயிற்று. ஆனால் காண வருவோரின் தொகை பெருகப் பெருக, அவர்களுடைய விளக்கும் வண்டியும் குப்பையும் அதே மணலில் வந்து சேருகின்றன. பார்வையாளரே காப்பிற்குத் துணை. கவனக்குறைவால் அதற்குக் கேடு செய்யக்கூடியவரும் அவரே.

வழியைப் பற்றிச் சில சொற்கள். முல்ஷி, தாம்ஹினி கணவாய், மாண்காவ் வழியாகச் செல்லும் பாதை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஆகும். பயிற்சியுள்ள பெரியோர் மிதிவண்டியில் இரண்டு நாட்களில் செல்லலாம்; மாணவரை அவ்வாறு அழைத்துச் செல்லுதல் தகாது. கணவாயில் சாலை சில நூறு மீட்டர் சரேலென இறங்குவதால், தடைக்கட்டைகளை முன்னரே சோதித்துக்கொள்ள வேண்டும். சாவித்திரியின் கழிமுகத்தில் பாக்மாண்ட்லாவுக்கும் வேஷ்விக்கும் இடையே வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு உண்டு. மாணவருக்கு மிதிவண்டி பயன்படும் இடம் ஊரை அடைந்த பின்னரே: பாங்கோட் கோட்டை வரையிலும் கழியோரத்து அலையாத்திச் செடிகள் வரையிலும் சென்று மீள அதுவே ஏற்றது. மணலில் மட்டும் அதனை இறக்கலாகாது. சக்கரம் பதிந்த தடத்தில் விழுந்த ஆமைக்குஞ்சு அதிலிருந்து ஏற இயலாமல் தடத்தின் வழியே நெடுந்தூரம் ஊர்ந்து களைத்துப்போகும். காகமும் நண்டும் அங்கே காத்திருக்கும்.

கொங்கணக் கரை தமிழ்நாட்டுக் கரையைப் போன்றதன்று. சென்னையிலிருந்து தெற்கே செல்வோர் நெடுந்தொலைவு மணலையே மிதித்துச் செல்லலாம். கொங்கணத்திலோ கரும்பாறை முனைகள் கடலுக்குள் நீட்டி நிற்கின்றன. இரு முனைகளுக்கிடையே பிறைவடிவில் சிறு மணற்கரை. அதை அடுத்து ஒரு கழி. பின்னர் மீண்டும் ஒரு முனை. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகியதே அப்பாறை. முனைகளின் மேல் செம்புறைக்கல் மூடிய வெட்டவெளிகள் உண்டு. அவ்வூரார் அவற்றைச் சடா என்பர். கோடையில் அவை உயிரற்றவை போலத் தோன்றும். மழைக்காலத்திலோ பூச்சியுண்ணும் செடிகள் உள்ளிட்ட சிறு பூண்டுகள் அங்கே மலர்கின்றன. ரத்னகிரிப் பக்கத்துச் சடாக்களில் பண்டை மக்கள் யானை முதலிய உருவங்களைத் தரையிற் செதுக்கியுள்ளனர். அவை 2022இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆகவே இங்கு நடைப்பயணம் என்பது மணல், பாறை, சடா, கழி என்று மாறி மாறிச் செல்லும் பயணமாகும். இயற்கைப் பாடத்துக்கு இதனினும் வசதியான அமைப்பு வேண்டியதில்லை.

நடப்போர் முதலில் அறிய வேண்டுவது ஓதம். சென்னைத் துறையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. கொங்கணத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி அது அதைப்போற் பல மடங்காகும். வற்றின்போது முனையின் அடியில் நடந்து சென்றவர், திரும்பும்போது அவ்வழியைக் காணமாட்டார். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இக்கரையில் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி நிகழ்கிறது. பின்னர் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தாமதிக்கிறது. பஞ்சாங்கத்தைக் கொண்டே மாணவர் மறுநாள் ஏற்றத்தைக் கணித்து, கரையில் ஒரு கோல் நட்டுச் சரிபார்க்கலாம். கணக்கு அரைமணி தவறினால் மாணவர் காரணத்தைத் தேடட்டும். தவறாவிட்டால் அவர்களுக்குள்ள மகிழ்ச்சி சிறிதன்று.

இனி ஆமை. நவம்பர் முதல் மார்ச் வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறுகிறது. சுமார் 45 செண்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடி, உடலால் அழுத்திச் சமன்செய்து, திரும்பிப் பாராமல் கடலுக்குள் செல்கிறது. விடியுமுன் காவலர் கரையெங்கும் நடந்து, ஆமையின் துடுப்புத் தடங்களைக் கண்டு கூட்டை அறிந்து, முட்டைகளை வேலியிட்ட காப்பகத்துக்கு மாற்றுகின்றனர். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் உஷ்ணமே நிர்ணயிக்கிறது: ஏறத்தாழ 29 அல்லது 30 பாகை செல்சியஸை ஒட்டி இரண்டும் பிறக்கும், அதற்கு மேல் பெண்களே மிகும். புவி வெப்பமடைந்து வரும் இந்நாளில் இது சிறு செய்தியன்று. மாணவர் வெப்பமானியைக் கூட்டிற் செருகலாகாது. அருகே, கூடில்லாத மணலில் அதே ஆழத்தில் வைத்து அளக்கலாம். மேற்பரப்பு கொதிக்கும் வேளையிலும் ஆழத்தில் உஷ்ணம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதை அவர்களே காண்பார்கள்.

காலையிலும் மாலையிலும் குஞ்சுகளை விடும்போது பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால் நிற்க வேண்டும். குஞ்சுகளைக் கையில் எடுத்துக் கடலிற் போடலாகாதா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பெண் ஆமைகள் வளர்ந்தபின் தாம் பிறந்த கரையின் பக்கத்துக்கே திரும்புகின்றன. மணலில் ஊர்ந்து கடல் புகும் அந்தச் சில நிமிடங்களில் அவ்விடத்தின் அடையாளம் அவற்றிற் பதிகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஆயிரம் குஞ்சுகளுள் ஒன்றே முதிர்ச்சி அடையும் என்னும் மதிப்பீடும் வழங்குகின்றது. அவை கடல் இருக்கும் திசையை வெளிச்சத்தால் அறிகின்றன. இரவில் நீர்ப்பரப்பின் மேல் வானம் நிலத்தைவிடச் சற்று ஒளியுடன் தோன்றும். கரையில் ஒரு மின்விளக்கு எரிந்தால் குஞ்சு அதை நோக்கித் திரும்பிவிடும். சென்னையில் 1988 முதல் இரவுதோறும் கரையில் நடந்து கூடுகளைக் காத்துவரும் மாணவர் குழுவினர் நகர விளக்குகளோடு போராடுவது இக்காரணம் பற்றியே. இரவு நடையில் விளக்கு இல்லாமற் செல்வதே நன்று. வேண்டின் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய மங்கிய விளக்கைத் தரையை நோக்கிப் பிடிக்கலாம். சிறிது நேரத்திற் கண் இருளுக்குப் பழகிவிடும்.

கூடாரம் அடித்து, நெருப்பு மூட்டிச் சுற்றி அமர்ந்தால்தான் முகாம் என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. வேளாஸின் மணலில் அது கூடாது. கூடாரத்தைக் கண்ட ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். நெருப்பின் ஒளி குஞ்சை இழுக்கும். உணவுக் கழிவு நாயையும் நரியையும் அழைக்கும். ஊர் வீடுகளின் திண்ணையிலும் முற்றத்திலும் தங்குவதே இங்கு முகாம். அங்குக் கிடைக்கும் உணவு கூடாரத்துச் சமையலை விடச் சிறந்தது என்பதையும் சொல்லிவிடலாம்.

பலகை மீது நின்று அலைமேற் சறுக்கும் விளையாட்டைப் பற்றி இளைஞர் பலர் கேட்கின்றனர். அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது அலை உடைகிறது. கொங்கணத்தின் தட்டையான கரைகளில் அது மெல்லச் சரிந்து நுரைத்து உடையும். சென்னைப் பக்கத்துச் செங்குத்தான கரைகளில் சுருண்டு விழும். கட்டுமரக்காரர் தலைமுறை தலைமுறையாக அவ்வலையின் மேலேறியே கரை சேர்ந்துள்ளனர். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில், ஆணியின்றிக் கயிற்றாற் தைத்த மசூலாப் படகு மோதலுக்கு நெகிழ்ந்து கொடுத்தே அலையைக் கடந்தது. இன்று சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞரே பலகைச் சறுக்கில் பயிற்சியளிக்கின்றனர். ஆயின் வேளாஸில் ஆமை வரும் பருவத்தில் அலை தணிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் அலை பெரிதாகும். அப்போதோ கடலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை இருக்கிறது. ஆகவே இக்கரையை ஆராயப் பலகை உதவாது, கால்களே போதும். கடலிற் குளிப்போர் ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டும்: வெண்ணுரை வரிசையில் நுரையற்றுக் கலங்கித் தோன்றும் இடைவெளி, நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வழி. அதில் அகப்பட்டோர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும்.

மாணவர் குறிப்பேட்டில் நாள், ஓதம், காற்று, மணலின் உஷ்ணம், தடங்களின் எண்ணிக்கை, தடத்தின் அகலம் இவற்றை எழுதட்டும். கரையேறிய ஆமையின் துடுப்பில் உலோகக் குறி இருந்தால், காவலர் அனுமதியுடன் பின்புறமாக அணுகி அதன் எண்ணைப் பார்த்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஜனவரியில் இந்திய வனவுயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் வேளாஸில் ஓர் ஆமைக்குச் செயற்கைக்கோள் வழி தொடரும் கருவியைப் பொருத்தி அதற்குப் பிரதமா என்று பெயரிட்டனர். கருவியினும் எளிய உலோகத் துண்டு சில ஆண்டுகளுக்குப் பின் பெருஞ்செய்தி தந்தது. கிழக்குக் கரை ஆமைகளும் மேற்குக் கரை ஆமைகளும் வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை என்றே அதுவரை எண்ணப்பட்டது. 2025 ஜனவரியில், வேளாஸுக்குத் தெற்கே உள்ள குஹாகர் கரையில் முட்டையிட வந்த ஓர் ஆமையின் துடுப்பில் 03233 என்னும் எண் இருந்தது. அக்குறி 2021இல் ஒடிசா கடற்கரையில் பூட்டப்பட்டது. தீபகற்பத்தைச் சுற்றி அந்த ஆமை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீந்தியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர்.