வீட்டிலேயே மண் சோதனை: தவறு நேரும் இடங்கள்

பயிர் சரியாக வராத நிலத்திற்கு ஜிப்சம் இடலாமா, வேண்டாமா என்பது சிறு விவசாயிகள் பலருக்கு எழும் கேள்வி. ஜிப்சம் களர் நிலத்திற்குத்தான் மருந்து. உப்பு மிகுந்த உவர் நிலத்திற்கு அதை இட்டால் விலையும் வண்டி வாடகையும் வீண். களரா என்று அறிய, பி.எச். தாள் வாங்கி வீட்டிலேயே மண்ணைச் சோதித்துப் பார்ப்போர் உண்டு. முறையாகச் செய்தால் இது பயனுள்ள சோதனையே. ஆனால், தாளில் தெரியும் நிறம் மண்ணால் வந்ததா, அல்லது தண்ணீராலும் பாத்திரத்தாலும் வந்ததா என்று பாராமல் முடிவு செய்யக் கூடாது.

பி.எச். எனப்படும் கார அமில நிலையில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். 8.5-க்கு மேற்பட்டால் களர் என்று கொள்வது வழக்கம். இந்த அளவில் ஓர் எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். ஆகவே அரை எண் வித்தியாசம் என்பது சிறிய விஷயம் அல்ல.

முதல் குழப்பம் தாளிலேயே இருக்கிறது. லிட்மஸ் தாள் அமிலமா, காரமா என்று மட்டுமே சொல்லும். 8.4 உள்ள நல்ல கரிசல் மண்ணுக்கும் 9.5 உள்ள களர் மண்ணுக்கும் அது ஒரே நீல நிறத்தையே காட்டும். மஞ்சள் தடவிய தாளும் இப்படித்தான். ஆரத்தி நீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதுபோல, காரம் இருந்தால் சிவக்கும். எவ்வளவு காரம் என்று சொல்லாது. 1 முதல் 14 வரை ஒவ்வோர் எண்ணாகக் காட்டும் தாளில் 8-க்கும் 9-க்கும் இடையே நிறம் இல்லை. விவசாயிக்குத் தேவைப்படுவதோ அந்த இடைவெளிதான். எனவே அரை எண் அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தைக் காட்டும் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

தாளை மாட்டுக் கொட்டகையில் வைக்கக் கூடாது. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி பட்டாலே தாள் நிறம் மாறிவிடும்.

அதிகமான தவறு நேருவது தண்ணீரில். கிணற்று நீரில் மண்ணைக் கரைத்தால் கிணற்று நீரின் காரமும் சேர்ந்தே தாளில் தெரியும். சாம்பலோ சோப்புத் தூளோ போட்டுத் துலக்கிய டம்ளரைச் சரியாக அலசாவிட்டாலும் இதே கதைதான். இரண்டுமே காரப் பொருள்கள். மூன்று முறை சோதித்தும் ஒரே விடை வந்தது, ஆகையால் சரி என்று சிலர் எண்ணுகிறார்கள். அதே தண்ணீரையும் அதே டம்ளரையும் வைத்து முப்பது முறை செய்தாலும் அதே தவறான விடையே வரும். திரும்பச் செய்வதால் கை தவறியது தெரியுமே தவிர, தண்ணீரின் குற்றம் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: மண் போடுவதற்கு முன், அந்த டம்ளரில் அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றித் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். காரம் காட்டினால் தண்ணீரை மாற்ற வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் வாலை நீர் இதற்கு ஏற்றது. பேட்டரி ஆசிட் வேறு. கடையில் கேட்டு வாங்கும்போது கவனம் தேவை. வெட்டவெளியில் சுத்தமான பாத்திரத்தில் நேராகப் பிடித்த மழை நீரும் உதவும்.

நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராமுக்கு 50 மில்லி தண்ணீர் என்பது ஆய்வுக்கூடங்களில் உள்ள அளவு. குத்துமதிப்பாகத் தண்ணீரைக் கூட்டினால் களர் மண்ணில் பி.எச். சற்று உயர்ந்தே தெரியும். அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, தெளிந்த நீரில் தாளை நனைக்க வேண்டும். சேறு படிந்த தாளில் நிறம் பார்ப்பது வீண் வேலை. களர் மண்ணோ எளிதில் தெளியாது. வாலை நீரில் நெடுநேரம் கலங்கியே நிற்பது களருக்கு ஓர் அறிகுறியும்கூட. அப்போது வடிதாளின் ஒரு முனையைக் கலங்கலில் வைத்து, மறுமுனைக்கு ஊறி வரும் நீரில் சோதிக்கலாம். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், தாள் காய்வதற்குள் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் பச்சையும் நீலமும் ஏமாற்றும்.

சுண்ணாம்பு மண்ணா என்று அறிய வினிகர் ஊற்றிப் பார்ப்பதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. காய்ந்த மண்ணில் வெறும் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளிவரும். முதலில் மண்ணைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, குமிழி அடங்கிய பிறகு வினிகர் விட வேண்டும். அதன் பின் நுரைத்தால்தான் சுண்ணாம்பு.

இவ்வளவும் சரியாகச் செய்து, மண்ணை ஓரிடத்தில் மட்டும் எடுத்தால் பயன் இல்லை. மேலே பூத்த வெள்ளை உப்பைச் சுரண்டி எடுத்தால் அது வயலின் மண் ஆகாது. வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக்குவித்த இடம், புதிதாக உரமிட்ட இடம் இவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்திற்கு 'வி' வடிவக் குழி எடுத்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை செதுக்கி எடுத்துக் கலக்க வேண்டும்.

உப்பின் அளவைப் பி.எச். தாள் காட்டாது. அதற்கு மின் கடத்தும் திறனை அளக்கும் கருவி வேண்டும். ஜிப்சம் எத்தனை கிலோ என்பதும் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். ஆகவே தாள் 8-க்கு மேல் காட்டினால், ஜிப்சம் வாங்குவதற்கு முன் அரைக் கிலோ மண்ணை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புவது நல்லது. உரச் சாக்கில் கட்டாமல் சுத்தமான துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், முன் பயிர், அடுத்த பயிர் விவரங்களைப் பென்சிலால் எழுதி உள்ளே வைக்க வேண்டும். மை ஈரத்தில் அழிந்துவிடும்.