துப்பாக்கிக்கு முன்னால் தோட்டாவைப் பாருங்க

முகப்பேரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கீங்க. ஊரில் தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த பழைய ரைஃபிள் இப்போது உங்கள் பங்குக்கு வருகிறது. அல்லது நீங்களே புதிதாக உரிமம் கேட்கப் போறீங்க. எதுவானாலும் கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள்: "இந்த அளவுக்குத் தோட்டா கிடைக்குமா?"

ஏன் என்றால், உங்கள் உரிமத்தில் பதிவான துப்பாக்கிக்கு உரிய தோட்டாவைத்தான் கடையில் தருவார்கள். அதுவும் உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்குள்தான். .275, .375 போன்ற பழைய வெளிநாட்டு வேட்டை ரைஃபிள்கள் பார்க்க அழகாக இருக்கும். தோட்டாவுக்கு அலைய வேண்டியிருக்கும், கிடைத்தாலும் விலை அதிகம்.

நம் நாட்டில் பொதுமக்களிடம் பரவலாக இருப்பது .315. இதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்தின் அளவு .303. ராணுவத் தோட்டா வெளியே போய் பொதுமக்கள் துப்பாக்கியில் ஏறிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். அதனால் பொதுமக்களுக்கு வேறு அளவு வந்தது. இன்றும் .303 தடை செய்யப்பட்ட வகைதான், சாதாரண உரிமத்தில் வராது. .315 ரைஃபிளை மேற்கு வங்காளத்தின் இஷாபூர் தொழிற்சாலை செய்கிறது, தோட்டாவும் உள்நாட்டுத் தயாரிப்பே. (நம்ம பக்கத்து ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், தோட்டா இல்லை!) 12 போர் தோட்டாவும் எளிதாகக் கிடைக்கும்.

பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுதல் பயிற்சி மட்டும்தான் நோக்கமா? அப்போ ரைஃபிள் உரிமமே தேவைப்படாமல் போகலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் பிரிவில் .177 காற்றுத் துப்பாக்கிதான். அதன் வேகத்திறன் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம். அதே காற்றுத் துப்பாக்கி .22 அளவு என்றால் உரிமம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போடும் முன் அளவைப் படிங்க. 50 மீட்டர் போட்டிக்கான .22 ரைஃபிளுக்கும் உரிமம் கட்டாயம்.

விண்ணப்பத்தை என்டிஏஎல்-ஏஎல்ஐஎஸ் இணையதளத்தில் போனிலேயே நிரப்பலாம். உரிமம் வழங்குபவர் மாநகரங்களில் காவல் ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். முகப்பேரிலிருந்து அம்பத்தூர் பக்கம் வீடு மாறினால் ஆவடி ஆணையரகம் வந்துவிடும். அதனால் முகவரிச் சான்றைச் சரிபாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, உரிமம் 5 ஆண்டு செல்லும்.

தாத்தாவின் ரைஃபிளை உங்கள் பெயரில் உரிமம் வரும்வரை பீரோவில் வைக்காதீங்க. அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தோட்டா கிடைக்கவில்லை என்று பட்டறையில் கொடுத்து வேறு அளவுக்கு மாற்றுவதும் குற்றம். வேண்டாம் என்றால் அனுமதி பெற்று, உரிமம் உள்ள கடைக்கே விற்றுவிடலாம்.